வேலியோரத்து மத்தியானம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மடியில் பிள்ளை இருந்தால் இருக்கட்டும், அதுவும் சேர்ந்து கேட்கட்டும். தங்கம் எடுக்கிற ஊரில் ஒரு கைக்குழந்தையின் பசிக்கு அரைமணி நேரம் கிடைக்காமல் போன கதையைச் சொல்லப்போகிறேன். பாதியில் மட்டும் எழுந்து போகாதீர்கள். பாதியில் போனால் உங்களுக்குத் தூக்கம் வராது.

சிவசமுத்திரத்திலிருந்து கரண்டுக் கம்பி வருவதற்கு ஒரு வருஷம் முன்னே, ஆடி மாதம். கோரமண்டல் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் சுரங்கக் கூலிகளுக்காக மூங்கில் தட்டி கட்டிய லைன் வீடுகள். அதில் ஒன்றில் கோவிந்தனும் தாயம்மாவும் குடியிருந்தார்கள். மழை பொய்த்த வருஷம் குடியாத்தம் பக்கமிருந்து நடந்தே வந்தவர்கள். கோவிந்தனுக்குப் பூமிக்கடியில், ஷாஃப்டுக்குள் வேலை. தாயம்மாவுக்கு மேலே, கல் கொட்டகையில். கீழிருந்து ஏறி வருகிற கல்லை டிராலியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி, சுத்தியலால் உடைத்து, தங்கம் கலந்த நீலக்கோடு ஓடுகிற கல்லை ஒரு பக்கமும் வெறுங்கல்லை ஒரு பக்கமும் பிரித்துப் போடவேண்டும். அந்தாண்டை கல்லைப் பொடியாக்குகிற ஸ்டாம்பு மில் இராப்பகலாக இடித்துக்கொண்டிருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. பழகினவர்களுக்கு அது நின்றால்தான் விழிப்பு வரும்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பச்சையம்மா, ஒன்பது வயது. அடுத்தவன் ஐந்து மாதத்துக் குழந்தை, சின்னான் என்று கூப்பிட்டார்கள். நடுவில் இரண்டு தங்கவில்லை.

கொட்டகையைச் சுற்றிக் கம்பிவேலி. உள்ளே போவதும் வருவதும் ஒரே வாசல்தான். கல்லை ஒளித்துக்கொண்டு போய்விடுவார்களென்று, வெளியே போகிற ஒவ்வொரு பெண்ணையும் முடியை அவிழ்த்து, முந்தானையை உதறிச் சோதனை போடுவார்கள். சோதனை போட இருந்ததோ ஒரே ஒரு பொம்பளை. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் அரைமணி ஓய்வு. வாசலில் நின்று சோதனை முடிவதற்குள் அந்த அரைமணியும் கரைந்துவிடும். அதனால் பால் குடிக்கிற பிள்ளையை வைத்திருக்கிறவள் வீட்டுக்கு ஓடமுடியாது. வீட்டிலிருக்கிற பெண்பிள்ளைதான் தம்பியையோ தங்கையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு வரவேண்டும். வேலியோரத்தில் தாய் வாங்கிப் பால் கொடுத்துவிட்டுத் திருப்பித் தருவாள். அப்போதும் காவல்காரன் குழந்தையின் துணியைப் பிரித்துப் பார்த்துத்தான் விடுவான்.

பச்சையம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டு மணி நேரம் விடுவார்கள். சங்கு ஊதியதும் லைனுக்கு ஓடுவாள். பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவிடமிருந்து தம்பியை வாங்கிக்கொண்டு வேலிக்கு ஓடுவாள். மறுபடி லைன், மறுபடி பள்ளிக்கூடம். நடுவில் எங்கேயாவது நின்று ஒரு வாய் களி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல் விழுந்தது.

சாயங்காலம். காற்று, அரைத்த கல்பொடி குவிந்த மண்மேட்டிலிருந்து வெள்ளைத் தூசியை வாரிக்கொண்டுவந்து லைன் முழுக்க இறைத்தது. தாயம்மா சட்டியை முறத்தால் மூடிக்கொண்டு களி கிண்டிக்கொண்டிருந்தாள். பச்சையம்மா தம்பியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"யம்மா, நாளையிலேர்ந்து மத்தியானம் வெளிய வுடமாட்டாங்களாம்."

"யாரு சொன்னது?"

"வாத்யாரு, இன்னிக்கி ஞாயித்துக்கெழம பாடத்துல. பள்ளிக்கூடத்தப் பாக்க மிஷன் அம்மா வந்துட்டுப் போச்சில்ல, அது சொல்லிட்டுதாம். சோறு கொண்ணாந்து அங்கியே துன்னணுமாம். அரைமணிதானாம். பத்து நிமிசம் ஆட்டமாம். வாசல்ல கயிறு கட்டிடுவாங்களாம்."

தாயம்மாவின் துடுப்பு நின்றது. "தம்பிக்கின்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னேன். எல்லாரும் ஒரு சாக்கு வச்சிக்கினு கீறீங்க, உக்காருன்னாரு."

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த கோவிந்தன் திரும்பாமலே சொன்னான். "நிறுத்திடு. பொண்ணு படிச்சி கலெக்டராவா ஆவப்போவுது."

"நிறுத்தினா கொட்டகை மேஸ்திரி அடுத்த நாளே வந்து நிப்பான்."

அது அவனுக்கும் தெரியும். பத்து வயசு நெருங்குகிற பெண்பிள்ளை லைனில் சும்மா இருந்தால் கல் கொட்டகைக்குப் பேர் எழுதிவிடுவார்கள். சின்னக் கை சுருக்காகப் பொறுக்குமாம். பள்ளிக்கூடத்தில் பேர் இருக்கிற வரைக்கும்தான் கேட்கமாட்டார்கள். கொட்டகைக்கு வந்து நான்கு வருஷத்தில் தாயம்மாவுக்கே இருமல் ஒட்டிக்கொண்டது. அந்தத் தூசியில் மகளும் குந்துவதற்கு அவள் விடமாட்டாள்.

பார்வதம்மாவுக்கு ஒரு கால் இழுத்துக்கொண்டிருக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலி வரைக்கும் நடக்கமுடியாது. ஆனால் தைரியம் சொல்வதில் குறையில்லை.

"நீ போடி தாயி. ஒரு பகலு தாங்கமாட்டானா? களித்தண்ணி வடிச்சிக் குடுக்கிறேன். எம்புள்ளைங்க ஆறையும் அப்பிடித்தான் வளத்தேன்."

அந்த ஆறில் இரண்டுதான் அப்போது உயிரோடு இருந்தன.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. பெண்கள் சுத்தியலைப் போட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். தாயம்மா பழக்கத்தில் எழுந்து வேலிக்குப் போய் நின்றுவிட்டாள். வரமாட்டாளென்று தெரியும். தெரிந்தும் கண் அந்த ஒற்றையடிப் பாதையை விட்டு அகலவில்லை. மார் கட்டி, கல்லாகக் கனத்தது. முந்தானை நனைந்தது.

"இப்பிடி வந்து குந்துடி" என்றாள் பக்கத்து வரிசை வெங்கடம்மா. வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. "பாதையப் பாத்தா பால் எறங்குமா? ரெண்டு வாயித் துன்னு."

"எனக்கு எறங்கல அக்கா."

"ஒனக்கு எறங்கலன்னா அவனுக்கு எங்கேர்ந்து ஊறும்? துன்னுடி."

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது குழந்தைக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. களித்தண்ணி ஒத்துக்கொள்ளாமல் இரண்டு முறை கக்கியிருந்தான். பச்சையம்மா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆட்டம்டி ஆடினீங்க?" என்று கேட்டாள் தாயம்மா, பேச்சுக் கொடுக்க.

"வரிசையா நின்னு கையத் தூக்கணும், எறக்கணும். அதான் ஆட்டமாம்."

"அத ஒங்கம்மா கொட்டகையிலயே ஆடலாமே" என்றான் கோவிந்தன்.

செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. தாயம்மா வேலை முடிந்து வரும்போது லைனில் குழந்தை அழுகிற சத்தமே இல்லை. முதலில் ஒரு நிம்மதி. பத்தடி நடந்ததும் அந்த நிம்மதியே பயமாக மாறியது. ஓடினாள். பார்வதம்மா வீட்டுத் தூளியில் சின்னான் தூங்கிக்கொண்டிருந்தான். எடுத்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கன்னத்தைத் தட்டினாள். கண் பாதி திறந்து, வெள்ளை தெரிந்து, மறுபடி மூடிக்கொண்டது.

"அக்கா, இன்னா குடுத்தீங்க?"

பார்வதம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "கத்திக் கத்தி மூச்சு நின்னுடும்போல இருந்துது தாயி. கடுகளவு. கடுகுல பாதி. எல்லாரும் குடுக்கிறதுதானே."

அபின். வேலைக்குப் போகிற தாய்மார்கள் வீட்டில் நகத்து நுனியில் வைத்துக் கொடுக்கிற பழக்கம் இருந்தது. சில பிள்ளைகள் தூங்கி எழுந்தன. சில எழவில்லை.

தாயம்மா திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லை. உள்ளங்காலைத் தேய்த்தாள். குளிர்ந்த தண்ணீரை முகத்தில் தெளித்தாள். மாராப்பை விலக்கி வாயில் வைத்தால் பிள்ளை இழுக்கவில்லை. பால் தானாக வழிந்து கன்னத்தில் ஓடியது. பச்சையம்மா தம்பியின் காதில் "டேய், டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஷிஃப்டு முடிந்து வந்த கோவிந்தன் வாசலிலேயே நின்றுவிட்டான். விளக்கு வைத்து ஒரு நாழிகை ஆனபிறகு குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு கமறலாக ஒரு அழுகை. அந்த அழுகையைக் கேட்டதும் பார்வதம்மா தரையில் விழுந்து அழுதாள்.

புதன்கிழமை பச்சையம்மா பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் தம்பியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வந்தாள். குழந்தை முட்டி முட்டிக் குடித்தான். தாயம்மாவுக்கு உயிர் வந்தது. அந்த உயிர் வந்து உட்காருவதற்குள் பின்னாலிருந்து மேஸ்திரியின் குரல்.

"இன்னா தாயம்மா, பள்ளிக்கூடத்த நிறுத்திட்டாப்பல கீது?"

"இல்லீங்க. இன்னிக்கி மட்டும்."

"நிறுத்தினா சொல்லு. திங்கக்கெழம புது வரிச போடுறோம். கையப் பாரு, இந்தக் கைக்குன்னே கல்லு ஏறி வருது."

பச்சையம்மா தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு, பிறகு பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தாயம்மா தூசியைக்கூடக் கழுவாமல் வாத்தியார் பர்னபாஸ் வீட்டுக்குப் போனாள். வேலூர் மிஷனில் படித்தவர், இங்கே வந்து இரண்டு வருஷம். அவர் மனைவி ஐடா வாசலில் சுண்டல் அலசிக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. உள்ள வாங்க."

"இங்கியே நிக்கிறேம்மா. தூசியா கீறேன்."

பர்னபாஸ் வெளியே வந்தார். மெலிந்த மனுஷன். பேச ஆரம்பித்தால் தரையைப் பார்த்துத்தான் பேசுவார்.

"பச்சையம்மா இன்னிக்கி வரலியே."

"அதுக்குத்தான் வந்தேன் வாத்யாரே. மத்தியானம் அவள ஒரு மணி நேரம் வுடணும்."

"என்னால முடியாதும்மா. காலையில முப்பத்திநாலு பிள்ளைங்க. மத்தியானம் பதிமூணு. மிஷன் அம்மா தன் கண்ணால எண்ணிப் பார்த்துட்டாங்க. ஆட்டத்துக்குன்னு ரெண்டு மணி நேரம் விட்டா மண்மேட்டுல சறுக்கிக்கிட்டு நின்னுடுதுங்க, திரும்பி வர்றதில்ல. மாசக் கடைசியில மறுபடி வருவாங்க. அப்பவும் இப்படியே இருந்தா பள்ளிக்கூடத்த மூடிட்டு வேற ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"மண்மேட்டுல சறுக்கினதா யாரு சொன்னாங்க?"

"சறுக்காம?"

"எம்பொண்ணு பொறந்ததுலேர்ந்து ஒரு நாளு சறுக்கினதில்ல. இடுப்புல புள்ளய வச்சிக்கினு எங்க சறுக்கறது?" தாயம்மா வேலியையும் சோதனையையும் சொன்னாள். களித்தண்ணியைச் சொன்னாள். கடுகில் பாதியைச் சொன்னபோது ஐடாவின் கை சுண்டலில் நின்றுவிட்டது.

பர்னபாஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கிட்ட யாரும் இத சொல்லலியே."

"நீங்க ஒரு நாளு மத்தியானம் அந்தப் பக்கம் வந்திருந்தா யாரும் சொல்லவேணாம்."

சொன்னபிறகு அவளுக்கே திக்கென்றது. வாத்தியாரிடம் இப்படிப் பேசலாமா. ஐடாதான் மெதுவாகக் கேட்டாள். "இந்த மாதிரி எத்தன பிள்ளைங்கம்மா?"

தாயம்மா விரலை மடக்கினாள். "எங்க கொட்டகைக்கு மட்டும் ஏழு வரும்."

"நாளைக்கி அவள அனுப்புங்க" என்றார் பர்னபாஸ். "பாக்கலாம்."

பாக்கலாம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? அனுப்பினால் பிள்ளை பட்டினி. அனுப்பாவிட்டால் திங்கட்கிழமை வரிசை. ராத்திரி முழுக்கப் புரண்டாள். விடியற்காலையில் பச்சையம்மாவுக்குத் தலை வாரி எண்ணெய் தடவும்போதுதான் தன் கை என்ன முடிவு செய்திருக்கிறதென்று அவளுக்கே தெரிந்தது. பார்வதம்மாவிடம் குழந்தையைக் கொடுத்தாள். "செத்தாலும் கத்திச் சாவட்டும். அத மட்டும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயில் தானே அடித்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிச் சங்கு. பாதையில் யாருமில்லை. காற்றில் வெள்ளைத் தூசி மட்டும் எழுந்து எழுந்து படுத்தது. தாயம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் போயிருக்கும். பத்தும் போயிருக்கும்.

அப்போது பாதையின் கோடியில் ஒரு கறுப்புக் கோட்டு தெரிந்தது.

அந்தக் கோட்டைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், கண்ணுகளா. ஷாஃப்டுக்குள் யாராவது செத்துப்போனால், அந்தச் செய்தியை வீட்டுக்குச் சொல்ல எவனுக்கும் வாய் வராது. கம்பெனி குமாஸ்தா வாத்தியாருக்கு ஆள் அனுப்புவான். கிறிஸ்தவ வேதக்காரர் வீடோ, மாரியம்மனைக் கும்பிடுகிற வீடோ, அவர்தான் போய்ச் சொல்லவேண்டும். அதற்கென்று ஒரு கறுப்புக் கோட்டு வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வெறும் சட்டைதான். அந்தக் கோட்டு வெயிலில் நடந்து வந்தால், லைனில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். நம் வாசலைத் தாண்டிப் போகட்டும், தாண்டிப் போகட்டும் என்று உள்ளே நின்று வேண்டிக்கொள்வார்கள்.

கொட்டகையில் பேச்சு நின்றது. களியை வாயில் வைத்தவள் விழுங்கவில்லை. எல்லாருடைய வீட்டிலும் ஒருவன் சுரங்கத்துக்குள் கீழே இருந்தான். ஒவ்வொருத்தியாக எழுந்து வேலிக்கு வந்தார்கள்.

"யாரு பேரோ" என்றாள் வெங்கடம்மா.

தாயம்மாவுக்குத்தான் இரண்டு பயம். கோவிந்தன் காலையில் எந்த ஆழத்து லெவலுக்குப் போகிறேன் என்றான்? பதினாலா, பதினாறா? இல்லை, அவனில்லை. குழந்தை. செத்தாலும் என்று வாயால் சொன்னோமே. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருவம் வந்தது. பச்சையம்மா. அவள் தோளில் ஒரு துணிமூட்டை. மூட்டை அசையவில்லை. தாயம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தூசி கொஞ்சம் அடங்கியது. கோட்டுக்குப் பின்னால் இன்னொரு பெண்பிள்ளை தெரிந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை. அதற்குப் பின்னால் இன்னொருத்தி. இன்னொருத்தி. அப்புறம் தூக்குச்சட்டிகளை ஆட்டிக்கொண்டு பையன்கள். கடைசியில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஐடா. பள்ளிக்கூடமே வந்துகொண்டிருந்தது. ஏழு குழந்தைகளில் ஆறு கத்திக்கொண்டிருந்தன.

சின்னான் அக்காளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். வேலியருகே வந்ததும் தாயின் வாசம் பட்டு விழித்து வீரிட்டான்.

"வழியில நேரமாயிட்டுது" என்றார் பர்னபாஸ், தரையைப் பார்த்து. "பதினொண்ணே முக்காலுக்கே விட்டேன். ஏழு வீடு ஏறி எறங்கறதுக்குள்ள..."

காவல்காரன் ஓடிவந்தான். "இத்தினி பேரு வேலிகிட்ட வரப்படாது. உத்தரவு."

"கைக்குழந்தைங்க மட்டுந்தான் கிட்ட வரும். மத்ததுங்க அந்தப் புங்கமரத்தடியில உக்காந்து சாப்பிடும். நான் பொறுப்பு."

அவரைக் கோட்டோடு பார்த்ததால் அவனும் குரலை இறக்கிக்கொண்டான். வெங்கடம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏன் வாத்யாரே, ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? இந்தக் கோட்டப் போட்டுக்கினா வருவாங்க? பத்துப் பேரு தாலியக் கையில புடிச்சிக்கினு நிக்கிறோம்."

பர்னபாஸ் தன்னைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார். "கம்பெனி இடத்துக்கு வர்றமே, மரியாதையா வரலாம்னு..." என்று இழுத்தார். முகம் வெளிறிப்போய்விட்டது. அவசரமாகக் கோட்டைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் ஐடாவிடம் கொடுத்தார். ஐடா அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளே அழுதாள். பிறகு எல்லாருமே சிரிப்பும் திட்டுமாகப் பிள்ளைகளை வாங்கிக்கொண்டார்கள்.

தாயம்மா குழந்தையை மாரில் வைத்தாள். பயத்தில் பால் இறங்கவில்லை. அவன் இழுத்துப் பார்த்து, விட்டுவிட்டுக் கத்தினான். "எறங்கும்டா, இருடா" என்று அவன் முதுகைத் தடவினாள். நெஞ்சு அடங்க நேரமாயிற்று. அது அடங்கியதும் பால் வந்தது. குழந்தை மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு குடித்தான்.

மாசக் கடைசியில் மிஷன் அம்மா வந்தாள். மத்தியானம் எண்ணிப் பார்த்தாள், முப்பது பிள்ளைகள் இருந்தன. ஒரு நாள் பின்னாலேயே நடந்துவந்து புங்கமரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். நீளமாக ஏதோ எழுதிக்கொண்டாள். அது என்னவென்று லைனில் யாருக்கும் தெரியாது. அடுத்த திங்கட்கிழமையும் பள்ளிக்கூடம் திறந்திருந்தது, அதற்கடுத்த திங்கட்கிழமையும் திறந்திருந்தது. ஒவ்வொரு வாரமும் தாயம்மா பயந்துகொண்டுதான் அனுப்பினாள். அதெல்லாம் பின்னால்.

அந்த வியாழக்கிழமை, சங்கு ஊதப் பத்து நிமிஷம்தான் பாக்கி. புங்கமரத்தடியில் பிள்ளைகள் களியைத் தின்றுவிட்டுக் கையைப் பாவாடையிலும் டவுசரிலும் துடைத்துக்கொண்டு ஓடிப்பிடித்து ஆட ஆரம்பித்தார்கள். பர்னபாஸ் வரிசையாக நிற்கச் சொல்லவில்லை. பச்சையம்மா வேலிக்கு வெளியே, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். குடித்து முடித்ததும் தம்பியை வாங்குவதற்காகக் கையை நீட்டினபடியே நின்றாள்.

"அவன் இன்னும் குடிக்கிறான்" என்றாள் தாயம்மா. "நீ போ."

"எங்க?"

"அங்க. ஆடு."

பச்சையம்மாவுக்குப் புரியவில்லை. இரண்டடி வைத்தாள், திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கமாக ஒடிந்தே பழகின இடுப்பு, பிள்ளை இல்லாமலும் அப்படியே சாய்ந்திருந்தது. மரத்தடியிலிருந்து யாரோ அவள் தோளைத் தொட்டுவிட்டு ஓடினார்கள். அவள் துரத்தினாள். முதலில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் இரண்டு கையையும் வீசிக்கொண்டு.

தாயம்மா தன் மகள் ஓடி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். வெறுங்கையோடு ஓடிப் பார்த்ததில்லை. தூசிக்குள் அந்தப் பாவாடை சுற்றிச் சுற்றி வந்தது. சங்கு ஊதிவிடுமோ, ஊதிவிடுமோ என்று அவளுக்கு அடித்துக்கொண்டது. குழந்தை குடித்து முடித்துவிட்டான். அவள் மகளைக் கூப்பிடவில்லை. சங்கு ஊதுகிற வரைக்கும் அவனை மாரோடேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டீர்களா, கண்ணுகளா? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நேரத்துக்குப் பசியாறட்டும். பசியாறிய கையோடு ஓடி ஆட அவர்களுக்கு இடமிருக்கட்டும். உங்கள் வாசலை நோக்கி நடந்து வருகிற கால் எதுவானாலும் நல்ல சேதியையே கொண்டுவரட்டும். மகராசியாக, மகராசனாக, குடும்பத்தோடு நன்றாயிருங்கள்.